மரப்பட்டையில் ஒரு சாம்பல் பூச்சு

பள்ளி வளாகத்து மரத்தை எப்போதாவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையில் யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி சாம்பலும் பச்சையுமாய்த் திட்டுகள் இருக்கும். அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான்.

இத்திட்டுகளை இனம் பிரிப்பது லேசான வேலை இல்லை. பாதி இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஹெல்சிங்கியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து, 1863இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த வில்லியம் நைலாண்டர் 1866இல் இதற்கு ஒரு வழி சொன்னார். திட்டின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி, இன்னோரிடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஒரு துளி. சில இனங்கள் நிறம் மாறும், சில மாறாது. மஞ்சள் நிறச் சாந்தோரியா முதல் துளியிலேயே இரத்தச் சிவப்பாகிவிடும். இன்றும் லைக்கன் தேடிப் போகிறவர்கள் சின்னப் புட்டிகளோடுதான் போகிறார்கள்.

அதே 1866இல் அவர் இன்னொன்றையும் கவனித்தார். பாரிஸ் நகருக்குள் மற்ற இடங்களில் மரப்பட்டைகள் வெறுமையாகக் கிடக்க, லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் லைக்கன்கள் செழித்திருந்தன. அங்கே காற்று நல்ல காற்று என்று எழுதினார். லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடும் அப்படித்தான் உள்ளே போகும். முப்பது வருடம் கழித்து, 1896இல், அதே தோட்டத்து லைக்கன்கள் மறைந்துவிட்டதை அவரே பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

(இவ்வளவு கூர்மையான கண் உள்ள மனிதர், லைக்கன் என்பது இரண்டு உயிர்களின் கூட்டு என்று ஷ்வெண்டனர் 1860களில் சொன்னதை மட்டும் கடைசிவரை ஏற்கவே இல்லை!)

மாணவர்கள் விடைத்தாளில், "லைக்கன் இருந்தால் காற்று சுத்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல். லெக்கனோரா கோனிசயாய்டிஸ் என்று ஓர் இனம் உண்டு. அந்தப் பெயரும் நைலாண்டர் வைத்ததே. சாம்பல் கலந்த பச்சையில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும், கண்ணிலேயே படாது. ஆனால் புகையைத் தாங்கும். பிரிட்டனின் தொழில் நகரங்களில் மற்ற லைக்கன்கள் அழிய அழிய, அவை விட்டுப்போன பட்டைகளில் இது பரவியது. அங்கே திட்டைப் பார்த்து "நல்ல காற்று" என்று எழுதியிருந்தால் முழுத் தப்பு. எந்த லைக்கன் என்று தெரிந்தால்தான் அது சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரிப் புகை குறைந்ததும், ஊரெல்லாம் இருந்த இந்த இனம் தேடினாலும் கிடைப்பது அரிதாகிவிட்டது. லக்சம்பர்க் தோட்டத்துக்கோ லைக்கன்கள் திரும்பி வந்தன.