எய்ம்ஸ்: ஐந்து ஊர்களின் போட்டி

2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் மருத்துவமனை அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு, புதுக்கோட்டை, தஞ்சை செங்கிப்பட்டி, ஈரோடு பெருந்துறை, நம் தோப்பூர் என ஐந்து இடங்களை மாநில அரசு முன்வைத்தது. எங்களுக்கே வேண்டும் என்று ஊருக்கு ஊர் குரல் எழுந்தது. 2018 ஜூனில் தோப்பூர் தேர்வானது. 2019 ஜனவரி 27-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

ஆனால் ஜப்பானின் ஜைக்கா கடன் ஒப்பந்தம் 2021-இல்தான் கையெழுத்தானது. ரூ.1,264 கோடி மதிப்பீடு ரூ.1,977 கோடியைத் தாண்டியது. 2022-இல் சேர்ந்த முதல் 50 மாணவர்களுக்கு ராமநாதபுரத்தில் வகுப்பு நடந்தது. கட்டுமானம் தொடங்கியது 2024-இல்.

வங்கியில் கடன் அனுமதி வேறு, பணப் பட்டுவாடா வேறு. போட்டியில் வென்ற பிறகும் விடாமல் கேட்டால்தான் ஊருக்கு வந்து சேரும்.