கறுப்பு இறக்கையும் எழுபது விழுக்காடும்: ஸ்மோலா ஆய்வின் ஒரு மறுவாசிப்பு

நார்வேயின் மேற்குக் கரையை ஒட்டிய ஸ்மோலா தீவில், நான்கு காற்றாலைகள் ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது. அதனால் பறவைச் சாவு எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்ற முடிவு 2020இல் ‘எக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் வெளியானது. காற்றாலைகளும் பறவைகளும் பற்றி அதற்குப் பின் எழுதப்பட்டவற்றுள் அந்த எண்ணைத் தொடாதவை குறைவு. ‘நிரூபணமான தீர்வு’ என்ற தலைப்பின்கீழ் அதை வைப்பதே பெரும்பான்மை வழக்கம். ஒப்பீட்டுக் காற்றாலைகளையும் சேர்த்து எட்டே காற்றாலைகளில் நடந்த சோதனை என்று கூறி ஒதுக்குவோரும் உண்டு. இவ்விரு சாராரும் அந்த எண் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்கவில்லை என்பது என் குறை. பிரித்துப் பார்த்தால், பூசிய காற்றாலைகளில் சாவு குறைந்தது என்பதைவிட, பூசாத காற்றாலைகளில் சாவு கூடியது என்பதையே அந்த எண் பெரிதும் சார்ந்து நிற்பது தெரியும்.

ஸ்மோலாவில் 68 காற்றாலைகள் உள்ளன. மொத்தத் திறன் 150 மெகாவாட். 2013 ஆகஸ்டில் நான்கு காற்றாலைகளுக்கு வண்ணம் பூசினர். அவற்றின் அண்டையிலிருந்த நான்கை ஒப்பீட்டுக்காக வெள்ளையாகவே விட்டனர். பூசுவதற்கு முந்தைய ஏழரை ஆண்டுகளும் பிந்தைய மூன்றரை ஆண்டுகளும் கணக்கில் வருகின்றன. பழக்கிய நாய்களைக் கொண்டு உடல்களைத் தேடினர். பூசப்படவிருந்த நான்கின் அடியில் முதற்காலத்தில் 11 பறவைகளும் பிற்காலத்தில் 6 பறவைகளும் கிடைத்தன. ஒப்பீட்டுக் காற்றாலைகளில் முதற்காலத்தில் 7, பிற்காலத்தில் 18. நாற்பத்திரண்டு உடல்கள், இந்தச் சோதனையின் மூலதனம் முழுவதும் அவ்வளவுதான்.

இவற்றை ஆண்டுக் கணக்காக வகுப்போம். பூசிய நான்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 பறவை என்றிருந்தது 1.7 ஆயிற்று. பூசாத நான்கில் 0.9 என்றிருந்தது 5.1 ஆயிற்று. முதல் மாற்றத்தை இரண்டாவதன் மேல் வைத்து வகுத்தால் 79 விழுக்காடு குறைவு வருகிறது. ஆய்வாளர்கள் முறைப்படி கணித்து வெளியிட்டது 71.9. நான் செய்திருப்பது தேடல்களின் எண்ணிக்கையைச் சரிசெய்யாத வெறும் வகுத்தல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வெளியான எண்ணுக்கு இவ்வளவு அருகில் அது போய் நிற்பதால், அந்த எண்ணின் உள்கட்டு இதுவே என்று கொள்வதில் தவறில்லை. கறுப்பு இறக்கை சுழன்ற இடத்தில் பறவைகள் முன்பைவிடக் குறைவாக மடிந்ததாக இந்தக் கணக்கு காட்டவில்லை. அண்டை வீட்டில் சாவு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியபோது இங்கே அவ்வாறு பெருகவில்லை என்பதே அது காட்டுவது.

இத்தகைய ஒப்பீட்டு வடிவமைப்பின் நோக்கமே அதுதான் என்று புள்ளியியல் அறிந்தோர் உடனே சொல்வர். சரிதான். ஓராண்டில் பறவைகள் மிகுதியாக வரலாம், வானிலை கெடலாம். அந்தப் பொதுக் காரணத்தைக் கழிக்கத்தான் ஒப்பீட்டுக் காற்றாலைகள் வேண்டும். ஆனால் அந்தக் கழித்தல் ஓர் அனுமானத்தை நம்பி நடக்கிறது. வண்ணம் பூசாதிருந்தால் இந்த நான்கிலும் சாவு அண்டை நான்கைப் போலவே ஐந்து மடங்கு ஏறியிருக்கும் என்பது அந்த அனுமானம். இதை ஏற்க என்ன சான்று? முதற்காலத்தில் இரு தொகுதிகளும் ஒரே நடையில் நடக்கவில்லை. பூசப்படவிருந்தவை அப்போதே கூடுதலாகக் கொன்றுகொண்டிருந்தன. அரிதாக நிகழும் சாவுகளில் முதலில் உயர்ந்து நின்றது பின்னர் தாழ்வதும், தாழ்ந்து நின்றது உயர்வதும் எவ்வித மருந்தும் இன்றியே நிகழக்கூடியவை. 7 என்பதும் 18 என்பதும் அத்தகைய ஊசலாட்டத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும் சிற்றெண்கள். பொதுக் காரணம் ஒன்று இருந்திருந்தால் அதன் சுவடு ஏனைய அறுபது காற்றாலைகளிலும் தெரிய வேண்டும். அந்த அறுபதின் கணக்கை அருகே வைத்துப் பார்க்காமல், உயர்வை ஆண்டின் மேல் ஏற்றி, உயராமையை வண்ணத்தின் மேல் ஏற்றுவது அவசரம்.

இதைவிடக் கடுமையான ஐயம் ஒன்று எனக்கு உண்டு. ஒப்பீட்டுக்கு எடுத்தவை அண்டைக் காற்றாலைகள். கறுப்பு இறக்கையைக் கண்டு விலகும் பறவை காற்றில் கரைந்துவிடுவதில்லை. அடுத்த காற்றாலையின் பக்கம் போகிறது. அங்கே மூன்று இறக்கைகளும் வெள்ளை. அப்படியானால் பூசாத நான்கில் ஏறிய சாவில் ஒரு பங்கு வண்ணத்தின் விளைவாகவே இருக்கலாம். அவ்வாறிருந்தால் அதே சாவை ஒருமுறை தீமையாக எண்ணாமல் விட்டுவிட்டு, மறுமுறை வண்ணத்தின் வெற்றியாக எண்ணுகிறோம். எட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: முன்பு ஏழரை ஆண்டில் 18, பின்பு மூன்றரை ஆண்டில் 24. ஆண்டுக்கு 2.4 என்பது 6.9 ஆகிறது. இந்த உயர்வுக்கு வண்ணமே காரணம் என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்லத் தரவு இடந்தராது. அந்த எட்டுக் காற்றாலைகளின் நிலப்பரப்பில் பறவைகளுக்கு நன்மை விளைந்தது என்று சொல்லவும் அதே தரவு இடந்தராது என்பதே என் வாதம். தீவின் மேல் பறக்கும் பறவைக்கு எழுபது விழுக்காடு ஆறுதல் கிடைத்ததாக எழுதுவோர் இந்தக் கூட்டலைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஆய்வின் மிக வலுவான பகுதி வெண்வால் கழுகு பற்றியது. பூசப்படவிருந்த நான்கில் முன்பு ஆறு கழுகுகள் மடிந்திருந்தன; பூசிய பின் ஒன்றுகூட இல்லை. இங்கே அண்டைக் காற்றாலைகளின் துணை தேவைப்படவில்லை. பூசிய இடத்திலேயே குறைவு தெரிகிறது. எனவே இதை நான் மதிக்கிறேன். ஆனால் எவ்வளவு மதிப்பது? பழைய வீதம் மாறாதிருந்தால் மூன்றரை ஆண்டில் எதிர்பார்க்க வேண்டியவை 2.8 கழுகுகள். அவ்வளவு எதிர்பார்க்கும் இடத்தில் தற்செயலாகவே சுழியம் விழும் வாய்ப்பு நூற்றில் ஆறு. சூதாட்டத்துக்கு அது சிறிய வாய்ப்பாக இருக்கலாம். ஓர் இனத்தின் பாதுகாப்பைப் பந்தயம் வைப்பதற்குச் சிறியதன்று. நம்பிக்கை தரும் குறிப்பு என்ற அளவில் அது நிற்கிறது.

வண்ணம் ஏன் வேலை செய்ய வேண்டும் என்ற கேள்வியிலும் முந்தைய எழுத்துகள் மிக விரைவாகத் திருப்தியடைந்துவிட்டன. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹோடஸ் 2003இல் அளித்த அறிக்கைதான் மூலம். அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகளின் விழித்திரையில் எழும் மின்துடிப்பை அவர் அளந்தார். வேகமாகச் சுழலும் இறக்கைகள் விழித்திரையின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கும்போது உருவம் கலங்கி, ஊடுருவித் தெரியும் மங்கலாகிவிடுகிறது. மூன்றில் ஒன்று மட்டும் கறுப்பானால் அந்த இடம் தாக்கப்படும் இடைவெளி நீள்கிறது, கலங்கல் குறைகிறது. மூன்று இறக்கைகளிலும் ஒரே இடத்தில் ஒரே குறியைப் போட்டால் இந்தப் பயன் கிடைக்காது என்பது இதிலிருந்தே பெறப்படும்.

நம் நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் இதுதான். வனநிலத்தில் காற்றாலை அமைக்க ஒன்றிய அரசு தரும் ஒப்புதல் ஆணைகளில், பறவைகள் மோதாதிருக்க இறக்கை நுனிகளுக்கு ஆரஞ்சு வண்ணம் பூச வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறுகிறது. எல்லா இறக்கைகளிலும், ஒரே இடத்தில், ஒரே நிறம். ஹோடஸின் தர்க்கம் சரியென்றால் இந்த நிபந்தனை பயனற்றது. தவறென்றால் கறுப்பு இறக்கையை அந்தத் தர்க்கத்தின் பெயரால் பரிந்துரைப்பது பயனற்றது. இரண்டையும் ஒரே மூச்சில் ‘கட்புலன் உத்திகள்’ என்று வரிசைப்படுத்தும் கட்டுரைகளைத் தொடர்ந்து காண்கிறேன்.

ஹோடஸின் விளக்கம் ஸ்மோலாவுக்குப் பொருந்துகிறதா என்பதே ஐயத்துக்குரியது. அதே தீவில் நடந்த இன்னொரு சோதனையைப் பாருங்கள். வில்லோ டார்மிகன் என்ற கௌதாரி வகைப் பறவை இறக்கையில் மோதுவதைவிடக் கோபுரத்தின் அடியில் மோதியே மடிகிறது. பத்துக் காற்றாலைகளின் கோபுர அடிப்பகுதியைக் கறுப்பாக்கியபோது அந்தச் சாவு 48 விழுக்காடு குறைந்ததாக அதே 2020இல் முடிவு வந்தது. கோபுரம் சுழல்வதில்லை, கலங்கலுக்கு அங்கே இடமே இல்லை. வெளிறிய பின்னணியில் கருமை எடுத்துக்காட்டியது என்ற எளிய விளக்கமே போதும். கோபுரத்துக்குப் போதுமான அந்த விளக்கம் இறக்கைக்கு மட்டும் ஏன் போதாது? போதுமென்றால், இருண்ட மலைச்சரிவோ காடோ பின்னணியாக உள்ள இடத்தில் கறுப்பு இறக்கை வெள்ளையைவிடக் குறைவாகவே தெரியக்கூடும். இதற்குச் சான்று இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. விளக்கம் மாறினால் பரிந்துரையும் மாற வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன்.

தெரிவது வேறு, பார்ப்பது வேறு. ஜிப்ஸ் பேரினப் பாறுகளின் பார்வைப் புலத்தை அளந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, தரையைத் தேடித் தலை தாழ்த்திப் பறக்கும்போது அவற்றுக்கு எதிரிலுள்ள வானம் குருட்டுப் பகுதிக்குள் போய்விடுகிறது என்று காட்டியது. ஸ்மோலாக் கழுகுகளையே கவனித்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, காற்றாலைகளை ஒட்டி அவை தம் பறத்தலை மாற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை என்றது. பட்டப்பகலில், கூரிய கண்ணுடைய பறவை, அசையாக் கோபுரத்தின் அருகிலும் நடையை மாற்றவில்லையென்றால் சிக்கல் முழுவதும் விழித்திரையில் இல்லை.

பூனைகள் கொல்லும் பறவைகளோடு ஒப்பிட்டால் காற்றாலைச் சாவு பொருட்டே அல்ல என்ற மறுப்பு இந்த விவாதத்தில் தவறாமல் வரும். பூனை வெண்வால் கழுகைக் கொல்வதில்லை. மேற்கொண்டு அதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

எண்ணிக்கை எந்த இனத்தில் குறைகிறது என்பதே கேள்வி. வெண்வால் கழுகு முதன்முறை கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகிறது. ஆண்டுக்கு ஒரே ஈடு, ஒன்று முதல் மூன்று முட்டை. முதிர்ந்த கழுகு ஒன்றின் சாவை ஈடுகட்டப் பல பருவங்கள் வேண்டும். இதனினும் முக்கியமானது 2012இல் ஸ்மோலாவிலிருந்தே வந்த முடிவு: காற்றாலைப் பகுதியில் கழுகுகளின் இனப்பெருக்கம் குன்றியதற்கு மோதிச் சாவது மட்டும் காரணமன்று, எல்லைகளை விட்டு அகல்வதும் காரணம். கூட்டை விட்டுப் போன இணை காற்றாலையின் அடியில் கிடப்பதில்லை. நாய் அதை மோப்பம் பிடிக்காது. 42 என்ற கணக்கிலும் அது வராது. கறுப்பு வண்ணம் தன் வேலையை முழுதாகச் செய்தாலும் இந்த இழப்பைத் தொடாது. கழுகை அஞ்சி விலகச் செய்வதுதான் வண்ணத்தின் வேலை என்றால், இழப்பைக் கூட்டவும் கூடும்.

தீங்கில்லாத ஒன்றைப் பூசிவிட்டுப் போவதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். வண்ணம் ஒரு நிபந்தனையாகக் கோப்பில் ஏறிய கணத்திலிருந்து, காற்றாலை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி கோப்பை விட்டு இறங்கிவிடுகிறது, நட்டம் அதுதான். பறவை வரும்போது காற்றாலையை நிறுத்துவது என்ற வழி ஸ்பெயினின் காடிஸ் மாகாணத்தில் நடைமுறையில் பார்க்கப்பட்டிருக்கிறது. பாறுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. இழந்த மின்சாரம் ஆண்டுக்கு 0.07 விழுக்காடு. அங்கும் விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அங்கே குறைந்தது, நடவடிக்கை எடுத்த இடத்திலேயே எண்ணப்பட்ட சாவு.

ஸ்மோலா ஆய்வாளர்கள் தம் முடிவை வேறிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதினர். மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடும் வாக்கியம் அது. மீண்டும் சோதிப்பதென்றால் எட்டை எண்பதாக்குவது மட்டும் போதாது. எந்தக் காற்றாலைக்கு வண்ணம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். ஒப்பீட்டுக் காற்றாலை அண்டையில் இருக்கக் கூடாது. கழுகின் எல்லை பல காற்றாலைகளைத் தன்னுள் அடக்கிக் கிடப்பதால், காற்றாலையைச் சோதனையின் அலகாகக் கொள்வதே பிழை. ஓர் எல்லைக்குள் உள்ள காற்றாலைகள் அனைத்துக்கும் வண்ணம் பூசி, வேறோர் எல்லைக்குள் உள்ளவற்றை முழுதும் வெள்ளையாக விட்டு, இரண்டிலும் விழுந்த உடல்களோடு, ஆண்டுதோறும் கூடு நிலைத்ததா, குஞ்சு பறந்ததா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.