மயிலாடுதுறைப் பிள்ளையும் மணிலா டிவியும்

டெல்டாவுல "எப்போ தொறப்பாங்க?"ன்னு கேட்டா மேட்டூர் அணையைத்தான் கேக்குறாங்கன்னு அர்த்தம். ஆனா எங்க ஊர்ப் பசங்க இப்போ பேசுற ஓப்பனிங் வேற. சிசிலியன், கிங்ஸ் இண்டியன்னு செஸ் ஆட்டத்தோட முதல் பத்து நகர்த்தலுக்குப் பேர் சொல்றாங்க. எல்லாம் யூடியூப் பாடம். இது நேத்து முளைச்ச பழக்கம் இல்லை. இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

நீடாமங்கலத்துலேர்ந்து மன்னார்குடி போற வழியில திருப்பூவனூர். அப்பர் பாடின தலம். சாமி பேரே சதுரங்க வல்லபநாதர். ராஜா மகளா வளர்ந்த அம்பாளை சதுரங்கத்துல யாராலயும் ஜெயிக்க முடியலையாம். சிவபெருமானே கிழவர் வேஷத்துல வந்து ஆடி ஜெயிச்சு, அவளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்ங்கிறது தலபுராணம்.

நம்ம பழைய ஆட்டத்துல சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும். வெள்ளைக்காரன் முறையில ரெண்டு கட்டம் தாவலாம். 1850-ஐ ஒட்டி கல்கத்தாவுல மகேஷ் சந்திர பானர்ஜின்னு ஒருத்தர், ஜான் காக்ரேன்ங்கிற ஸ்காட்லாந்து வக்கீலோட நிறைய ஆடினார். சிப்பாயை ஒவ்வொரு கட்டமா நகர்த்தி, மந்திரியை ஓரத்துலேர்ந்து பாய விடுற ஆட்டம் அவரோடது. அந்த மாதிரி ஓப்பனிங்குக்குத்தான் 'இண்டியன்'னு பேர் நிலைச்சுது.

அப்புறம் புத்தக காலம். இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், 1961-ல. சென்னையில சோவியத் கலாச்சார மையத்துல 1972-ல தால் செஸ் கிளப் வந்தது. ரஷ்யப் புத்தகமெல்லாம் அங்கேதான் கிடைக்கும். டெல்டாவுல இருக்கிற பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது 1969 டிசம்பர் 11, மயிலாடுதுறையில. வளர்ந்தது சென்னை. ஆறு வயசுல ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா. அப்பாவுக்கு ரயில்வே வேலை. அதுக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் போச்சு. அங்கே டிவியில தினம் மதியம் செஸ் நிகழ்ச்சி. அந்த நேரத்துல பையன் பள்ளிக்கூடத்துல இருப்பான். அதனால அம்மா உக்காந்து ஆட்டத்தையும் புதிரையும் எழுதி வைப்பாங்க. சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடிச்சு அனுப்புவாங்க. பரிசு புத்தகம். பையன் விடாம ஜெயிச்சதுல, "வேணுங்கிற புத்தகத்தை எடுத்துக்கோ, இனிமே விடை அனுப்பாதே"ங்கிற அளவுக்கு ஆயிடுச்சு.

வீடியோ பார்த்து செஸ் படிச்சதுக்கு அதுதான் நம்ம பக்கத்து முதல் கதைன்னு எனக்குத் தோணும். நிறுத்திப் பார்க்கவோ, திருப்பிப் போடவோ முடியாத வீடியோ. அம்மா கைதான் ரெக்கார்டர். அந்தப் பையன் 1988-ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர், 2000-ல உலக சாம்பியன். 2024-ல சென்னை குகேஷ் 18 வயசுல அந்தப் பட்டத்தைப் பிடிச்சார்.

இன்னிக்கு தால் கிளப் அலமாரி மொத்தமும் ஒரு போன்ல அடங்கிடும். பசங்க பத்து நகர்த்தலை மனப்பாடமா ஆடுறாங்க. பதினொண்ணாவதுல எதிராளி வேற பக்கம் திரும்பினா திகைச்சு நிக்கிறாங்க. நாத்து நல்லா வந்தா மட்டும் போதுமா, நட்ட பிறகு தண்ணி கட்ட ஆள் வேணுமே. சுசீலா அம்மா மாதிரி சாயந்திரம் கூட உக்காந்து, "ஏன் குதிரையை இங்கே வச்சே?"ன்னு கேக்க எங்க பசங்களுக்கு ஆள் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க ஒரு செஸ் பலகை வாங்கிட்டு வாங்க. ராத்திரி அரைமணி நேரம் எதிர்ல உக்காருங்க. பசங்க உங்களைத் தோற்கடிப்பாங்க, பரவாயில்லை.