வரகுக்கோழி

மன்னர் செய்த போர்களும் எழுப்பிய கோயில்களும் மட்டுமே வரலாறு ஆகா. ஒரு பறவையின் பெயருக்குள்ளும் நிலத்தின் வரலாறு அடங்கியிருப்பதுண்டு. வரகுக்கோழி என்பது அத்தகைய பெயர்.

சென்னைப் படையில் மருத்துவராய் இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட தம் இந்தியப் பறவைகள் நூலில் இத்தமிழ்ப் பெயரைக் குறித்துள்ளார். கானமயிலின் இனத்தைச் சேர்ந்த இது, கோழியளவே உள்ள சிறு பறவை. வரகுப் புன்செய்களில் நம் முன்னோர் இதனைக் கண்டிருத்தல் வேண்டும். இன்றேல் இப்பெயர் எழுந்திராது.

மழைக்காலத்தில் குசராத்து, இராசசுத்தானம், மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் புல்வெளிகளில் இது இனம் பெருக்கும். சேவல், புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளி எழுந்து பெடையை அழைக்கும். பெடை கூடு கட்டுவதில்லை. புல்லிடையே வெறுந்தரையில் மூன்று நான்கு முட்டைகள் இடும். ஆகவே, மறைவு தரும் புல்லும், இரையாகும் பூச்சிகளும், மிதிபடாத அமைதியும் இதற்கு இன்றியமையாதவை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், துள்ளி எழுந்த சேவல்களே வேட்டைக்காரர்க்கு எளிய இலக்காயின.

வேட்டையினும் கொடிது நில மாற்றம். புல் நின்ற இடம் வருவாய்க் கணக்கில் 'தரிசு' எனப்பட்டது. தரிசு என்றால் பயனற்றது என்று நாமும் நம்பினோம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றி, வறண்ட ஊர்களுக்குப் பிழைப்பளித்தது, அது போற்றத்தக்கதே. ஆனால் வெளிநிலங்களோ கட்டடங்களாலும் சீமைக் கருவேலத்தாலும் சுருங்கின. மேற்கே திருவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-இல் சரணாலயம் ஆயிற்று. கீழேயுள்ள புல்தரைக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரகுக்கோழி வேட்டையைத் தடுத்தது. 1983-இல் மத்தியப் பிரதேசத்துச் சைலானாவில் இதற்கெனவே ஒரு சரணாலயம் அமைந்தது. தம் நிலத்தில் இப்பறவையைக் கண்டு காத்த உழவர்க்கு ஆங்கே பரிசும் வழங்கப்பட்டது. அவ்வாறிருந்தும், 2021-இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் பறவையைக் காத்தது. புல்லைக் காக்கத் தவறியது.

பள்ளியில் பணியாற்றிய நாளில், தரிசு கண்ட இடமெல்லாம் மரக்கன்று நடுமாறு யானும் மாணவரை ஏவியதுண்டு. மரம் நடுதல் நல்லறமே. ஆயினும் மரமில்லா நிலமெல்லாம் வெறுநிலம் அன்று. காடையும் கவுதாரியும் வானம்பாடியும் ஆள்காட்டியும் இன்றும் நம் ஊர்த் தரையில்தான் முட்டையிடுகின்றன. அடுத்த முறை குழி தோண்டுமுன், அங்கே யார் குடியிருக்கின்றனர் என்று சற்றே குனிந்து பாருங்கள். வரகுக்கோழிக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேராமல் காப்பது உங்கள் கையில் உள்ளது.