பட்டைக்குறிவரைவு

மலேசியாவின் செந்தூலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கணிதப் புத்தகத்தைப் புரட்டினால் அளவுகளைப் பட்டைகளாகக் காட்டும் வரைபடத்துக்கான இந்த நீளச் சொல் கண்ணில் படும். 'பட்டை' என்றால் அகன்ற கோடு. தண்டாயுதபாணி கோயில் வாசலில் நெற்றிக்கு நெற்றி பார்க்கிறோமே, அதே திருநீற்றுப் பட்டைதான். 'குறி', அடையாளம். 'வரைவு' பிறந்தது 'வரை'யிலிருந்து. வரைக்குக் கோடு, எல்லை, மலை என்றெல்லாம் பொருள். ஏறி இறங்கும் பட்டைகளுக்கு மலையும் பொருத்தமே!

இலங்கையில் இதுவே 'சலாகை வரைபு'. சலாகை என்பது கம்பி. ரயில் பட்டறையால் வளர்ந்த செந்தூலுக்கு அந்தப் பெயர் இன்னும் பொருந்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

1786இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்து காட்டினார். இங்கே இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நம் பிள்ளைகளுக்குப் பட்டைக்குறிவரைவு மலாய்மொழியில் 'சார்த்தா பாலாங்' ஆகிவிடுகிறது.