அடுப்பெரியாத வீட்டை அறிந்தவர் யார்?



விழா மலர் என்றால் எழுப்பிய கோபுரங்களையும் திறந்துவைத்த மண்டபங்களையும் நினைவுகூர்வது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஏழைத் தாய்மார் தங்கள் தெருப் பிள்ளைகளின் வறுமையைப் போக்க ஒன்றுகூடிய வரலாறு.

ஆலப்புழை ஒரு காலத்தில் பெயர்பெற்ற துறைமுகம். கயிற்றுத் தொழிலுக்குத் தலைநகர் என்றாலும் மிகையாகாது. காலப்போக்கில் கப்பல்கள் கொச்சியை நாடின. கயிற்றுச் சாலைகள் நலிந்தன. கால்வாய் ஓரத்திலும் கடலோரத்திலும் கூலிக் குடும்பங்கள் தவித்தன. பெரியவர்கள் பட்டினியைப் பொறுத்துக்கொள்ளலாம். பால்குடி மறந்த பிள்ளை எப்படிப் பொறுக்கும்?

1990-களின் தொடக்கத்தில், நகர்ப்புற ஏழைகளுக்கான நடுவண் அரசுத் திட்டமும் யுனிசெஃப் நிறுவனத்தின் உதவியும் அந்நகராட்சிக்குக் கிடைத்தன. உதவி வந்ததும் முதற் கேள்வி எழுந்தது: யார் ஏழை? அதுவரை ஆண்டு வருமானமே அளவுகோல். இன்று வேலை, நாளை இல்லை என்று வாழ்கிறவர் தம் வருமானத்தை எப்படிக் கணக்குச் சொல்வார்? சான்றிதழ் வாங்கத் தெரிந்தவர் பெயர் பட்டியலில் ஏறும். தெரியாதவர் பெயர் விடுபட்டுப்போகும்.

ஆகவே ஆலப்புழையில் வருமானக் கணக்கை ஒதுக்கிவிட்டுக் கண்ணால் காணத்தக்க ஒன்பது அடையாளங்களை வகுத்தார்கள். உறுதியற்ற குடிசை, நல்ல குடிநீர் இல்லாமை, கழிப்பிடம் இல்லாமை, எழுத்தறியாத பெரியவர் இருத்தல், சம்பாதிப்பவர் ஒருவரே அல்லது ஒருவரும் இல்லாமை, நாளுக்கு இரண்டு வேளை உணவே அரிதாயிருத்தல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருத்தல், குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் இருத்தல், பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினராயிருத்தல். இவற்றில் நான்கு பொருந்தினால் அது ஏழைக் குடும்பம்.

இப்பட்டியலில் குழந்தை இடம்பெற்றதைக் கவனியுங்கள். கைக்குழந்தை உள்ள தாய் கூலிக்குப் போக முடியாது. சம்பாத்தியம் குறையும் அதே வேளையில் செலவு கூடுகிறது. வறுமை முதலில் தாக்குவது சின்னஞ்சிறு பிள்ளைகளையே. அந்த உண்மையை அளவுகோலிலேயே எழுதிவைத்தார்கள்.

அளந்து பார்த்தவர்களும் அத்தெருப் பெண்களே. ஏறத்தாழ 15 முதல் 40 வீடுகளுக்கு ஓர் 'அயல்கூட்டம்'. வீட்டுக்கு ஒரு பெண் உறுப்பினர். அதிலிருந்து ஐந்து பேர் தொண்டர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் உடல்நலத்தைக் கவனிப்பார், ஒருவர் வருவாய்க்கு வழி தேடுவார், இப்படிப் பொறுப்புகள் பகிரப்பட்டன. அயல்கூட்டங்களுக்கு மேல் வார்டு அளவிலும், அதற்கும் மேல் நகராட்சி அளவிலும் பெண்களின் அமைப்புகள் இருந்தன. அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அறிந்தவர்கள் முன்னிலையில் பொய்க் கணக்கு எடுபடுமா? சிறுகச் சிறுகச் சேமித்த பணம் பிள்ளையின் காய்ச்சலுக்கும் பள்ளிச் செலவுக்கும் கடனாக உதவியது. வட்டிக்காரன் வாசலுக்குப் போகும் நிலை குறைந்தது.

1994-இல் இம்முறை மலப்புரம் மாவட்டத்திற்குப் பரவியது. 1995-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஐம்பதாம் ஆண்டையொட்டி உலகெங்கும் தெரிந்தெடுக்கப்பட்ட ஐம்பது சமூகங்களுள் ஆலப்புழையும் ஒன்றாகப் பாராட்டப்பட்டது. 1998 மே 17 அன்று மலப்புரத்தில் பிரதமர் வாஜ்பாய் 'குடும்பஸ்ரீ' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இன்று கேரளம் முழுவதும் அயல்கூட்டங்கள் உள்ளன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடி வழியே கிடைக்கும் 'அம்ருதம்' சத்துமாவை அரைத்துத் தருகிறவர்கள் இப்பெண்களே. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்த கலவை அது. பசியாற்றும் உணவே பல குடும்பங்களுக்குப் பிழைப்பும் ஆயிற்று.

ஆனால் வரலாற்றை எழுதும்போது குறையை மறைத்தல் தகாது. சேமிப்புக்கு நாலு காசு எடுத்துவைக்க இயலாதவர்கள் கூட்டத்துக்கு வரக் கூசினர். மெல்ல மெல்ல விலகிப்போயினர். ஏழைகளுக்கென்று எழுந்த சங்கத்திலும் பரம ஏழைக்கு இடமில்லாமற் போகும் ஆபத்து வந்தது. இதை உணர்ந்து, ஆதரவற்ற குடும்பங்களைத் தேடிச்சென்று உதவும் 'ஆஸ்ரயா' திட்டத்தை 2002-இல் தொடங்கினார்கள். பின்னர் 2021-இல் கேரள அரசு மீண்டும் வீடுவீடாகத் தேடி 64,006 குடும்பங்களைக் கொடிய வறுமையில் இருப்பவை எனக் கண்டறிந்தது. அவ்வறுமை நீங்கியதாக 2025 நவம்பர் 1 அன்று அறிவித்தது. இக்கணக்கைப் பற்றிப் பொருளாதார அறிஞர் சிலர் கேள்வி எழுப்பியதும் உண்டு. கேள்வி எழுவது நல்லதே; எண்ணி முடித்துவிட்டோம் என்று ஏட்டை மூடும்போதுதான் ஒரு பிள்ளை விடுபட்டுப்போகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? அரசு பணம் தரலாம், அதிகாரி விதி வகுக்கலாம். எந்த வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறது என்பதை அறிந்தவர் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரே. அந்த அறிவு தெருவில் பேசிக் கலையும் வம்பாகவும் போகலாம். ஏட்டில் ஏறி உதவியாகவும் மாறலாம். ஆலப்புழைத் தாய்மார் அதை ஏட்டில் ஏற்றினார்கள்.

நம் பங்கிலும் தெருக்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, ஒருவரையொருவர் அறிந்த தாய்மாரும் உண்டு. விழாப் பந்தலைப் பிரித்த மறுநாள் நம் தெருவில் யார் எண்ணத் தொடங்கப்போகிறார்கள்? கூட்டத்துக்கு வராத வீட்டிலிருந்து எண்ணிக்கை தொடங்கட்டும்.