முத்துக்கரையில் எழுத்து

மறிச்சுக்கட்டி என்றவுடன் வரலாறு படித்தோருக்கு முத்துச் சலாபமே நினைவுக்கு வரும். 1905ஆம் ஆண்டு இக்கரையில் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்நிய அரசின் கருவூலத்தில் இருபத்தைந்து இலட்சம் ரூபா அளவிற் சேர்ந்தது. மூச்சடக்கி மூழ்கிய தமிழ், அரபுத் தொழிலாளருக்குக் கிடைத்தது சிப்பியில் மூன்றிலொரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் அரசுக்கே. மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றமும் சிறைச்சாலையும் வைத்தியசாலையும் அதில் இருந்தன. பருவம் முடிந்ததும் நகரம் பிரித்தெடுக்கப்பட்டது. பணம் கொழும்புக்குச் சென்றது.

1907இல் கிராமப் பாடசாலைச் சட்டம் பிறந்தது. கிராமத்தானுக்குத் தாய்மொழியில் சிறிது எழுத்தும் கணக்கும், வசதியுள்ளோருக்கு ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் என்ற பிரிவினையை அது அகற்றவில்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஏழையின் பிள்ளைக்கும் உயர்கல்வியின் கதவு திறந்தது.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எழுத்தறியாதவர் என்று நாம் எளிதிற் சொல்லிவிடும் முஸ்லிம் மூதாட்டிகள் பலர் அரபுத்தமிழை வாசிக்க வல்லவர்கள். தமிழை அரபு எழுத்தில் வாசித்த அந்த அறிவைப் பள்ளிக்கூடம் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை. நம் பயிற்சிக் காலத்திலும் எவரும் அதைச் சொல்லித் தரவில்லை.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் புத்தளத்தின் அகதி முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2009இன் பின் திரும்பியோரைக் காடு மூடிய காணிகள் வரவேற்றன. வீடு கட்டுவதா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று ஒரு தந்தை திகைப்பானாயின் அதனை அறியாமை என்போமா? கட்டணமில்லாக் கல்வி வேறு, செலவில்லாக் கல்வி வேறு. கொப்பியும் செருப்பும் பஸ் காசும் கூலிக்காரனின் நாட்கூலியிலிருந்தே வரவேண்டும்.

ஏழைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 'மந்தபுத்தி' என்று ஆசிரியர் அறையிற் பேசிக்கொள்வதும் உண்டு. நாமும் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டியிருக்கிறோம். பாடநூலில் இரண்டு வரி தாண்டாத ஒரு சிறுமியிடம், அவளுடைய உம்மம்மா ஊரைவிட்டு நடந்த கதையை அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தோம். திக்கித் திக்கியேனும் முழுப்பக்கத்தையும் வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, நாம் ஊரின் பெயரைப் பிழையாக எழுதியிருப்பதாகச் சொன்னாள்.